கோப்பை வென்ற கல்லூரிக்கு அடுத்த வருடம் என்ன ஆகும்?

ஒரே மாதத்தில் தலைமைக் குமாஸ்தாவும், கணக்கரும், இருபது வருட டைப்பிஸ்டும் ஆபீசை விட்டுப் போய்விட்டால் எப்படி இருக்கும்? மானேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்து விடுவார்!

அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் அணிகளுக்கு வருடாவருடம் இதே கதிதான். அதிலும், கோப்பை வென்ற அணிக்குத்தான் கஷ்டம் அதிகம்.

பேஸ்பால், நம்ம கிரிக்கெட்டுக்குப் பங்காளி ஆட்டம். ஓர் அணிக்கு 9 பேர். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். பந்தை எறிபவருக்கு "பிட்சர்" என்று பெயர். 3 பேர் "அவுட்" ஆனால் எதிர் அணி அடிக்க வரும். இப்படி 9 சுற்றுகள் ஆடுவார்கள்.

கல்லூரி அணிகளுக்குப் பிப்ரவரி மாத நடுவில் சீசன் தொடங்குகிறது. ஓர் அணி 56 ஆட்டம் வரை ஆடும். பிறகு 64 அணிகளைத் தேர்ந்தெடுத்து, கோப்பைக்கான போட்டி நடக்கும். கடைசியில் மிஞ்சுகிற 8 அணிகள் ஜூன் மாதத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒமாகா நகருக்குப் போகும். அங்குள்ள மைதானத்தில் 24 ஆயிரம் பேர் உட்காரலாம். மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு அத்தனை கூட்டம்!

ஏன் போகிறார்கள்?

பள்ளிப்படிப்பை முடித்து, 4 வருடப் படிப்புள்ள கல்லூரியில் சேர்ந்த ஆட்டக்காரரைத் தொழில்முறை அணிகள் உடனே இழுத்துக்கொள்ள முடியாது. அவர் 3-வது வருடத்தை முடிக்க வேண்டும். அல்லது 21 வயது நிரம்ப வேண்டும். அதற்குப் பிறகு தடை இல்லை.

ஜூலை மாதத்தில் 30 தொழில்முறை அணிகளும் முறை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பட்டம் வாங்க இன்னும் ஒரு வருடம் பாக்கி. எதிரே கோடிக்கணக்கில் பணம். பெரும்பாலான கெட்டிக்காரர்கள் பணத்தின் பக்கம்தான் போகிறார்கள். ஏழை வீட்டுப் பையனை யார் குறை சொல்ல முடியும்?

லூசியானாவின் கதை

லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்வோம். 2023-ம் ஆண்டு இறுதிப்போட்டியில் அந்த அணி புளோரிடாவைச் சந்தித்தது. 3 ஆட்டங்களில் 2 ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் 4-3 என்று வெற்றி. இரண்டாவதில் 24-4 என்று படுதோல்வி! ரசிகர்கள் முகம் தொங்கிப்போனது. ஆனால் மறுநாளே 18-4 என்று திருப்பி அடித்து, கோப்பையைத் தட்டிச் சென்றது.

அந்த அணியின் பிட்சர் பால் ஸ்கீன்ஸ். அடித்து ஆடுவதில் மன்னர் டைலன் குரூஸ். கோப்பை வென்ற சில நாட்களிலேயே ஸ்கீன்சைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் 92 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 75 கோடி ரூபாய். இரண்டாவதாகத் தேர்வானவர் குரூஸ். ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது அதுவே முதல் தடவை.

கல்லூரிக்குப் பெருமைதான். ஆனால் அணி?

2024-ல் அதே பயிற்சியாளர் ஜே ஜான்சன், அதே மைதானம், அதே ரசிகர்கள். 64 அணிகளில் இடம் கிடைத்தது. ஆனால் முதல் கட்டத்திலேயே வட கரோலினா அணியிடம் 4-3 என்று தோற்று வீடு திரும்பியது. ஒமாகாவை எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை.

மறுபடியும் எழுந்தது

ஜான்சன் மனம் தளரவில்லை. ஓட்டைகளை எண்ணினார், ஆட்களைத் தேடினார். ஒரு வருடம் சும்மா காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம் என்று 2021-ல் விதி தளர்ந்திருந்தது. ஸ்கீன்சே அப்படி விமானப்படை அகாடமியில் இருந்து வந்தவர்தான். அதே வழியில் புதியவர்கள் வந்தார்கள். பழைய மாணவர்களும் தேறினார்கள்.

2025-ல் மறுபடியும் இறுதிப்போட்டி. எதிரே கோஸ்டல் கரோலினா. தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்த அணி அது. லூசியானாவின் கேட் ஆண்டர்சன் முதல் ஆட்டம் முழுவதையும் தான் ஒருவரே எறிந்து முடித்தார். எதிரிக்கு ஓர் ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை. 1-0! அடுத்த ஆட்டத்தில் 5-3. கோப்பை கைக்கு வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அது 8-வது கோப்பை.

அடுத்த மாதமே ஆண்டர்சனை சியாட்டில் அணி மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்து அழைத்துக்கொண்டது. பழைய கதை மறுபடியும் ஆரம்பம்!

எதைப் பார்க்க வேண்டும்?

எனவே, வரும் சீசனில் ஒரு கல்லூரி அணி தேறுமா என்று கணிக்க அலமாரியில் உள்ள கோப்பைகளை எண்ணிப் பயன் இல்லை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 12 கோப்பைகள் வென்றது. வேறு எந்தக் கல்லூரியும் அத்தனை வென்றது இல்லை. ஆனால் 1998-க்குப் பிறகு 2025 வரை அதற்கு ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை.

முதலில் பிட்சர்களை எண்ண வேண்டும். சீசனில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரியுடன் 3 ஆட்டம் நடக்கும். நேற்று 100 பந்து எறிந்தவரின் தோள் இன்று ஒத்துழைக்காது. ஒரு ஸ்கீன்ஸ் போதாது. 3 நாளைக்கு 3 பேர் வேண்டும்.

இரண்டாவது, போனவர்களின் இடத்துக்கு வந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, போன வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் எவ்வளவு தேறியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பையனின் பாடுதான் இப்போது நெருக்கடி. முன்பெல்லாம் ஓர் அணிக்கு 11.7 பேருக்கு உரிய உதவித்தொகைதான் உண்டு. அதைப் பலருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். 2025-26 கல்வி ஆண்டில் இருந்து, புதிய ஏற்பாட்டுக்குச் சம்மதித்த கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கியது. ஆனால் அணியில் 34 பேருக்கு மேல் கூடாது என்று புது வரம்பு வந்துவிட்டது. 35-வது பையனுக்கு இடம் இல்லை!

ஸ்கீன்சுக்குக் கோடிகள் கிடைத்தது உண்மை. ஆனால் பெஞ்சில் இருக்கும் பெரும்பாலான பையன்களுக்கு அந்த யோகம் வராது. பட்டத்தை வாங்கிக்கொண்டு, நம்மைப்போல் காலையில் டிபன் பாக்சுடன் வேலைக்குப் போகப்போகிறவர்கள் அவர்கள்.

ஆனாலும் போனவர் விட்ட இடத்தை நிரப்பி, அடுத்த கோப்பையை வெல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்!