நண்பகல் சோர்வும் கவாத்தும்



நல்ல வேலை, போதிய சம்பளம், மதிப்பு எல்லாம் இருந்தும் "தினமும் இதேதானா?" என்று சலித்துக்கொள்கிறோம். வேலையற்றோர் பலர் இருக்க, இதை வெளியே சொல்லவும் கூசுகிறோம். குருக்களும் இதற்கு விலக்கல்ல.

இது புதிய நோயன்று. கான்ஸ்டாண்டிநோபிளில் திருத்தொண்டராகப் பெயர்பெற்று, பின்பு எகிப்தின் பாலைநிலத்தில் துறவியாகி, 399-இல் இறந்த எவாக்ரியுஸ் இதனை 'நண்பகல் பேய்' என்றார். பொழுது நகராததுபோல் தோன்றும். இருக்கும் இடமும் செய்யும் வேலையும் கசக்கும். ஓடிவிடாமல் பொறுமையோடு நிலைத்திருப்பதே அவர் சொன்ன மருந்து.

நிலைத்திருப்பது என்றால் மாறாதிருப்பதா? அல்ல. நம் நீலகிரித் தேயிலைச் செடியைப் பாருங்கள். சில ஆண்டுகள் கொழுந்து தந்தபின் விளைச்சல் குறையும். அதற்காகச் செடியைப் பிடுங்குவதில்லை, கவாத்து செய்கிறோம். சிறிது காலம் மொட்டையாய் நிற்கும். பிறகு அதே செடி துளிர்க்கும். கனி தரும் கிளையையும் தந்தை கழித்துவிடுகிறார் என்று யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதும் இதுவே.

ஆகவே, வேலையை விடலாமா என்று கேட்குமுன், நம்மில் எதை வெட்ட வேண்டும் என்று கேட்போம். பாராட்டுக்கான ஏக்கத்தையா? பிறர் பதவியோடு ஒப்பிடும் பழக்கத்தையா? வெட்டிய இடத்தில் அன்பு துளிர்க்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தாலும் அது புதுக் கொழுந்தே. ஆமென்.