ஏட்டில் முதலாவது பெயர்

தமிழ்நாட்டில் பொதுவாழ்வின் தடைகளை உடைத்த பெண்களின் வரலாறு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே, அதாவது பெண்கள் பட்டம் பெறத் தொடங்கிய காலத்திலிருந்தே எழுதப்படுகிறது. ஆனால், தாமிரபரணிக் கரையிலுள்ள பாளையங்கோட்டையில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிளாரிந்தா என்ற கைம்பெண் பொதுப்பணிகளைத் தொடங்கிவிட்டார்.

தஞ்சையின் மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளமையில் கணவரை இழந்த அவரை, உடன்கட்டையிலிருந்து, அதாவது கணவரின் சிதையில் மனைவியையும் எரிக்கும் வழக்கத்திலிருந்து, லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. மணம் புரியாமல் அவ்வதிகாரியோடு வாழ்ந்ததைக் காரணம் காட்டி அவருக்கு ஞானஸ்நானம், அதாவது கிறிஸ்தவத்தில் சேர்க்கும் திருமுழுக்கு, தர மறுத்த ஜெர்மானியப் போதகர் ஸ்வார்ட்ஸ், லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் அதைத் தந்தார்.

1780ஆம் ஆண்டின் திருச்சபை ஏட்டில் இடம்பெற்ற 40 பேரில் முதலாவதாக உள்ள பெயர் கிளாரிந்தாவுடையது என்பது, பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கமே அவரைச் சுற்றி அமைந்ததைக் காட்டுகிறது. சாதியும் உறவும் கைவிட்ட நிலையிலும் அவர் ஆங்கிலேயர் சிலரின் உதவியோடு எழுப்பிய ஆலயத்தை 1785இல் ஸ்வார்ட்ஸே பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தனர். அவர் அமைத்த பள்ளியும் கிணறும் அவருடைய பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன என்றாலும், தண்ணீர் எடுக்கும் உரிமையைச் சாதியே முடிவு செய்த காலத்தில், பள்ளியைவிடக் கிணறே துணிச்சலான செயலாகத் தோன்றுகிறது.

நெல்லைச் சீமையைச் சேர்ந்த அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவல் அவரை மறதியிலிருந்து மீட்டது. எனினும் சிதையும் காதலும் வாசகர் மனத்தில் தங்கிய அளவுக்கு, ஆள் திரட்டிப் பணம் சேர்த்துக் கட்டடம் எழுப்பிய நிர்வாகி தங்கவில்லை.

அதே பாளையங்கோட்டையில் 1895இல் உருவான பெண்கள் கல்லூரிக்குச் சாராள் தக்கரின் பெயர் சூட்டப்பட்டது. இந்தியாவுக்கே வராமல், இங்கிலாந்திலிருந்தபடி இப்பகுதிப் பெண்களின் கல்விக்காக எழுதியும் நிதி திரட்டியும் வந்த அவருக்கு அப்பெருமை பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய நினைவைப் பேண மிஷன் சங்கமும் அதன் அறிக்கைகளும் இருந்தன. 1806இல் இறந்த கிளாரிந்தாவுக்கு அத்தகைய சங்கப் பின்புலம் எதுவும் இருக்கவில்லை.