ஒரு சென்ட் மெஷினில் போன 120 டாலர்: லாஃப்லின் போய் வந்த கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

"வேகாஸ் போகணும், ஆனா பர்ஸ் தாங்காது"ன்னு நிறைய பேர் மெசேஜ் அனுப்பியிருந்தீங்க. அதனால இன்னைக்கு வேகாஸ் பத்திப் பேசப் போறதில்ல. அங்கிருந்து தெற்கே சுமார் 95 மைல், காரில் ஒன்றரை மணி நேரம் போனா, கொலராடோ ஆற்றங்கரையில் லாஃப்லின்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. அங்கே போவோம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் நெவாடா, அந்தப் பக்கம் அரிசோனா. நெவாடா கரையில் ஏழெட்டு கேசினோ ஹோட்டல்கள். அரிசோனா கரையில் புல்ஹெட் சிட்டின்னு ஒரு சாதாரண ஊர், அங்கே வீடு, பள்ளிக்கூடம், மளிகைக்கடை. கேசினோவில் வேலை செய்யறவங்கள்ல பலர் அந்தக் கரையிலிருந்துதான் தினமும் வர்றாங்க. கோட் சூட் போட்டு யாரும் இங்கே வர மாட்டாங்க. ரிட்டயர் ஆன தாத்தா பாட்டிகள்தான் அதிகம். குளிர்காலத்தில் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வண்டியிலேயே குடும்பம் நடத்திக்கிட்டு வந்து, வெயில் காய்ஞ்சுட்டுப் போறவங்க.

நான் போனது போன டிசம்பரில். ஃபீனிக்ஸில் இருக்கிற என் அண்ணன், அதாவது பெரியப்பா பையன், "நாலு மணி நேர டிரைவ்தான், வா"ன்னு கூப்பிட்டான். அண்ணியும், மதுரையிலிருந்து வந்திருந்த பெரியம்மாவும் கூட வந்தாங்க. அறை வாடகை 39 டாலர்னு போட்டிருந்துச்சு. கவுன்ட்டரில் ரிசார்ட் ஃபீ, வரி எல்லாம் சேர்த்து 65-ஐத் தொட்டுடுச்சு. புக் பண்ணும்போது மொத்தத் தொகையைப் பாருங்க, முதல் எண்ணைப் பார்க்காதீங்க. ஆனா 65 டாலருக்கும் அந்த அறை மலிவுதான். ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியுது.

இவ்வளவு மலிவா எப்படிக் கொடுக்கறாங்க? இதுக்கு ஊர் பிறந்த கதையிலேயே பதில் இருக்கு.

டான் லாஃப்லின்னு ஒருத்தர். மினசோட்டாக்காரர். ஸ்கூல் படிக்கும்போதே ஸ்லாட் மெஷின் வாங்கி அங்கங்கே வெச்சு சம்பாதிச்சவர். "மெஷினை விடு, இல்லேன்னா ஸ்கூலை விடு"ன்னு பிரின்சிபல் சொன்னதும் ஸ்கூலை விட்டுட்டார். 1964-ல் இந்த ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த எட்டு அறை மோட்டல் ஒண்ணை வாங்கினார். நாலு அறையில் அவர் குடும்பம், மீதி நாலு அறை வாடகைக்கு. 12 ஸ்லாட் மெஷின், ரெண்டு டேபிள். கூடவே ஒரு விளம்பரம்: 98 சென்டுக்கு வயிறு முட்ட சிக்கன் சாப்பாடு. அந்த மோட்டல்தான் இன்னைக்கு இருக்கிற ரிவர்சைடு ஹோட்டல். ஊருக்கு அவர் பேரே வந்துடுச்சு. 1987-ல் ரெண்டு கரையையும் இணைக்கிற பாலத்தைக்கூட அவர் காசில்தான் கட்டினார். 2023-ல், 92 வயசில் இறந்துபோனார்.

98 சென்டுக்குக் கோழி போட்டா லாபம் வராதுன்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். கோழியைத் தின்னுட்டு வெளியே போறவன் அந்த 12 மெஷினைத் தாண்டித்தான் போகணும். இன்னைக்கும் அதே கணக்குதான். அறையும் சாப்பாடும் மலிவு, ஏன்னா மீதிப் பில்லைக் கீழ்த்தளம் கட்டுது.

அந்தப் பில்லில் ஒரு பகுதியை எங்க வீட்டில் கட்டினது பெரியம்மா.

பெரியம்மாவை நீங்க பார்த்ததில்ல. சந்தையில் ஒரு கட்டு கீரைக்கு அஞ்சு ரூபாய் குறைக்கலேன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. அவங்க கண்ணில் பட்டது ஒரு சென்ட் மெஷின். "ஒரு சென்ட்னா நம்ம ஊர்ல ஒரு ரூபாகூட இல்லையேடா, இதுல என்ன போயிடப் போகுது?"ன்னு உட்கார்ந்தாங்க. சிங்கம், டிராகன், தங்கக் காசுன்னு திரை முழுக்கக் கலர். நாங்க ஆற்றங்கரையில் நடந்துட்டு வந்து பார்த்தா மூணு மணி நேரம் ஆகியிருந்துச்சு. போனது 120 டாலர். அண்ணன் சும்மா இருக்காம, "பத்தாயிரம் ரூபாய்க்கு மேலம்மா"ன்னு சொல்லிட்டான். பெரியம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. "என்கிட்ட யாருமே காசு கேக்கலியேடா, எப்படிப் போச்சு?"ன்னு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாங்க.

நியாயமான கேள்வி. எப்படிப் போச்சுன்னு பார்ப்போம்.

அந்த மெஷினில் ஒரு சென்ட்ங்கறது ஒரு கிரெடிட்டோட விலை. ஒரு தடவை பட்டனை அழுத்தினா 50 கிரெடிட் போகும், அதாவது அரை டாலர். நிறுத்தாம அழுத்தினா ஒரு மணி நேரத்தில் 500 தடவை சுலபமா அழுத்திடலாம். அப்போ 250 டாலர் பந்தயம். வெச்ச காசையே ஜெயிச்சு மறுபடி மறுபடி வைக்கறதால, இவ்வளவு வைக்கறோம்னு தெரியவே தெரியாது. நூறு டாலர் பந்தயத்துக்குப் பத்து டாலரை மெஷின் பிடிச்சுக்குதுன்னு வெச்சுக்குவோம். மணிக்கு 25 டாலர், மூணு மணி நேரத்துக்கு 75. பெரியம்மாவுக்கு அதுக்கு மேல போனது துரதிர்ஷ்டம். அந்த 75 துரதிர்ஷ்டம் இல்ல, அதுதான் கட்டணம்.

நெவாடா சட்டப்படி ஒரு ஸ்லாட் மெஷின், நீண்ட கணக்கில், குறைஞ்சது 75 சதவீதத்தையாவது ஆடுறவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கணும். நடைமுறையில் அதைவிட நல்லாவே கொடுக்குது. ஆனா பொதுவா, பந்தயத்தில் அதிக சதவீதத்தைப் பிடிச்சுக்கறது இந்த ஒரு சென்ட் மெஷின்கள்தான். டாலர் மெஷின் குறைவாப் பிடிக்கும். மலிவுன்னு பேர் வெச்சது இங்கே காஸ்ட்லி. அப்புறம், "ரொம்ப நேரமா விழல, இனி விழும்"னு பக்கத்து சீட் தாத்தா சொல்வார். நம்பாதீங்க. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் புதுசா, தனியாத்தான் விழுது. முந்தினது என்னன்னு மெஷினுக்கு ஞாபகமே கிடையாது.

டேபிளிலும் இதே பெருக்கல்தான்: பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், கேசினோவோட பங்கு. ரூலெட்டில் ஒரே ஒரு பூஜ்யம் இருந்தா பங்கு 2.7 சதவீதம். ரெண்டு பூஜ்யம்னா 5.26. பத்து டாலர் வெச்சு, மணிக்கு 40 சுற்று ஆடினா, ரெண்டு பூஜ்ய மேசையில் சராசரியா 21 டாலர் போகும். லாஃப்லினில் குறைஞ்ச தொகைக்கு ஆடற பிளாக்ஜாக் மேசைகள் கிடைக்கும், அது நிஜமான வசதி. ஆனா உட்காரும் முன்னாடி துணியில் அச்சடிச்சிருக்கறதைப் படிங்க. பிளாக்ஜாக் விழுந்தா 3-க்கு 2 தர்ற மேசையில் பத்து டாலருக்கு 15 கிடைக்கும். 6-க்கு 5 மேசையில் 12தான். பார்க்க ரெண்டும் ஒரே மேசை மாதிரியே இருக்கும்.

இன்னும் ரெண்டு விஷயம். 21 வயசு ஆகலேன்னா ஆட முடியாது, பாஸ்போர்ட்டைக் கையோடு வெச்சுக்கோங்க. ஸ்லாட்டில் பெரிய ஜாக்பாட் அடிச்சா, நம்மை மாதிரி வெளிநாட்டுச் சுற்றுலாக்காரங்களுக்கு 30 சதவீதம் வரி பிடிச்சுட்டுத்தான் கொடுப்பாங்க. சிகரெட் புகை ஒத்துக்காதவங்களுக்குக் கீழ்த்தளம் கஷ்டம். உள்ளேயே பிடிக்கலாம்.

ஆடாம இருந்தா அந்த ஊரில் என்ன செய்யறது? என்னைக் கேட்டா, ஊரே அதுக்குத்தான். ஹோட்டல்களுக்குப் பின்னாடி ஆற்றை ஒட்டியே நடைபாதை போகுது. ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொண்ணுக்குப் படகிலேயே போகலாம், வாட்டர் டாக்ஸின்னு பேரு. மேலே டேவிஸ் அணை. அதிலிருந்து வர்ற தண்ணி கோடையிலும் சில்லுனு இருக்கும். வெளியே கொதிக்குதேன்னு திடீர்னு குதிச்சா மூச்சடைக்கும், ஜாக்கிரதை. வெயிலைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நெவாடா மாநிலத்திலேயே பதிவான அதிகபட்ச வெப்பம் இந்த ஊரில்தான்: 1994 ஜூன் 29, 125 டிகிரி ஃபாரன்ஹீட். நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 52 டிகிரி. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள்ள போங்க.

முக்கால் மணி நேர டிரைவில் ஓட்மேன்னு ஒரு பழைய தங்கச் சுரங்க ஊர், ரூட் 66 மேல. சுரங்கத் தொழிலாளிகள் விட்டுட்டுப் போன கழுதைகளோட வாரிசுகள் நடுரோட்டில் நின்னு காரை மறிக்குது. பெரியம்மா இந்தப் பயணத்தில் முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சது அங்கேதான். ஒரு கழுதை அண்ணன் சட்டையை மோந்து பார்த்துட்டு வேண்டாம்னு போயிடுச்சு. ஊருக்கு மேற்கே கிரேப்வைன் கேன்யன். பாறையில் நூற்றுக்கணக்கில் பழங்காலச் செதுக்கல்கள். பக்கத்து ஸ்பிரிட் மலை மொஹாவே மக்களுக்குப் புனிதமான இடம். கட்டணம் இல்ல, கூட்டமும் இல்ல. பாறையைத் தொடாம பார்த்துட்டு வாங்க.

ஒரு குழப்பம் மட்டும் காத்திருக்கு. அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தை மாத்தறதில்ல, நெவாடாவில் மாத்தறாங்க. அதனால கோடையில் ரெண்டு கரைக்கும் ஒரே நேரம், குளிர்காலத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். அண்ணன் ஃபோன் அக்கரை டவரைப் பிடிச்சு ஒரு மணி நேரம் முன்னாடி ஓடினதால, காலை ஆறு மணி அலாரம் அஞ்சுக்கே அடிச்சு அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்.

கிளம்பற அன்னைக்குப் பெரியம்மா மெஷின் பக்கமே போகல. படகில் ரெண்டு தடவை போயிட்டு வந்தாங்க. "வைகையில இவ்வளவு தண்ணி ஓடினா நான் எதுக்குடா இங்க வர்றேன்?"னு கேட்டாங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். முதல் நாளே கவுன்ட்டரில் பெரியம்மா பேரில் ஒரு மெம்பர் கார்டு போட்டுக் கொடுத்திருந்தாங்க. அதை மெஷினில் சொருகித்தான் ஆடினாங்க. அந்தக் கார்டு எண்ணுறது நாம எவ்வளவு தோத்தோம்னு மட்டும் இல்ல. எவ்வளவு பந்தயம் வெச்சோம், அந்த வேகத்தில் சராசரியா எவ்வளவு தோப்போம்னு நான் மேலே போட்ட அதே பெருக்கலைப் போடுது. அதில் ஒரு பங்கைத்தான் சலுகையாத் திருப்பிக் கொடுக்கறாங்க.

ஆறு வாரம் கழிச்சு அண்ணன் வீட்டுக்கு ஒரு கார்டு தபாலில் வந்திருக்கு. பெரியம்மா பேரைத் தப்பா எழுதி, "உங்களுக்காக ரெண்டு இரவு இலவசம்"னு. அதுக்குள்ள பெரியம்மா மதுரைக்கு வந்துட்டாங்க. அண்ணன் வீடியோ காலில் கார்டைக் காட்டினான். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பார்த்துட்டுக் கேட்டாங்க:

"படகும் ஃப்ரீயான்னு கேட்டுச் சொல்லுடா."