ஸ்ரீமதுரையின் வயல்கள்

நீலகிரியில் ஏரி எங்கே இருக்கிறது என்று கேட்டால் உதகையைத்தான் சொல்வோம். அதுவோ 1823-ஆம் ஆண்டையொட்டி சல்லிவன் என்ற ஆங்கில அதிகாரி ஓடையைத் தேக்கி அமைத்த செயற்கை ஏரி. முதுமலைக் காட்டை ஒட்டிய ஸ்ரீமதுரையில் அப்படி ஓர் ஏரி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இயற்கையே அமைத்த நீர்த்தேக்கங்கள் அங்கு உண்டு. மண்வயல், புத்தூர்வயல் என்னும் ஊர்ப் பெயர்களிலேயே அவை இருக்கின்றன.

சமவெளியில் வயல் என்றால் உழுத நிலம். இங்கே இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட சதுப்புப் பள்ளத்துக்கு அது பெயர். தென்மேற்குப் பருவமழை குன்றுகளின் சரிவில் இறங்கி, மண்ணுக்குள் ஊர்ந்து, அடிவாரத்தில் ஊற்றாகக் கசிகிறது. பள்ளத்தில் படிந்த களிமண்ணும் மக்கிய தழையும் அந்நீரைப் பஞ்சுபோல் பிடித்துக்கொள்கின்றன. மழை நின்று பல வாரங்கள் கழிந்த பிறகும் ஓடையில் நீர் ஓடுவது இதனால்தான்.

வயநாட்டுச் செட்டிகள் இச்சதுப்பை வடிக்கவில்லை. வரப்புக் கட்டி நெல் நட்டார்கள். நெல்லுக்கு நீர் நின்றால் கேடில்லை அல்லவா? அதன் தண்டினுள் உள்ள காற்றறைகள் வேருக்குப் பிராணவாயுவைக் கொண்டுசெல்கின்றன. கந்தகசாலை என்ற மணமுள்ள நெல் இந்த வயநாட்டு மண்ணுக்கு உரியது; அதற்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கதிர் முற்றும் பருவத்தில் இரவு குளிர்ந்திருந்தால்தான் மணம் நிலைக்கும். ஐப்பசியில் முதற்கதிர் கொய்யும் புத்தரி விழாவில் செட்டிகளோடு பணியரும் முள்ளுக்குறும்பரும் கலந்துகொள்கிறார்கள்.

இப்போது பல வயல்களில் நேந்திரன் வாழையும் இஞ்சியும் நிற்கின்றன. உழவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆண்டுக்கு ஒரு போகம், ஆறு மாதப் பாடு, கதிர் முற்றும்போது யானை வந்துவிடும். கூலி கொடுத்தபின் கையில் என்ன மிஞ்சும்? ஆனால் வாழையின் வேர் நீரில் நின்றால் அழுகிவிடும். அதனால் ஆழமாக வடிகால் வெட்டுகிறார்கள். பானையின் அடியில் ஓட்டை போட்டதுபோல் நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது. காற்றுப் பட்ட மக்கு மண் சிதைந்து சுருங்குகிறது. நீரைப் பிடிக்கும் ஆற்றலும் குறைகிறது.

வாழையால் வரும் பணம் வயலுக்கு உரியவருக்கு. கிணறு வற்றுவதோ மேட்டில் குடியிருப்பவருக்கும், ஓடை வற்றுவதோ கீழே உள்ளவருக்கும். நெல் வயல் வைத்திருப்பவர் ஊருக்கே தண்ணீர் சேமித்துத் தருகிறார். அதற்கு இதுவரை யாரும் அவருக்கு விலை கொடுத்ததில்லை என்பதே இதிலுள்ள சிக்கல். கேரள அரசு 2020-இல் நெல்வயலை வயலாகவே வைத்திருப்போருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் தரத் தொடங்கியது. வாழை தரும் வருவாய்க்கு முன் அது சிறு தொகைதான்.