வெட்கம் வளர்க்கும் நோய்

திருப்பருத்திக்குன்றம் என்றதும் பழைமையான சமணக் கோயில் நினைவுக்கு வரும். அதை அடுத்த காஞ்சிபுரம் என்றதும் பட்டுத் தறி நினைவுக்கு வரும். இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பழைய அடையாளமும் உண்டு. கொசுவால் பரவும் யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய பகுதி இது. அந்நோயின் புழுக்கள் நிணநீர்க் குழாய்களைத் தாக்கும்போது கால் மட்டும் வீங்குவதில்லை. ஆண்களின் விரைப்பையிலும் நீர் தேங்கி வீக்கம் உண்டாகும். அண்டவாதம், ஓதம் என்று இதைச் சொல்வார்கள்.

பலருக்கும் வந்த வீக்கம் என்பதால், "இதுவும் அதுதான்" என்று வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு காலம் கடத்துபவர்கள் உண்டு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விரைப்பையில் தோன்றும் வீக்கமெல்லாம் நீர் அல்ல. அரிதாக, அது விரையில் தோன்றிய புற்றுநோயாகவும் இருக்கலாம்.

யாருக்கு வரும்?

புற்றுநோய் முதியோரின் நோய் என்றே நாம் எண்ணுகிறோம். விரைப் புற்றுநோயோ 15 வயது முதல் 40 வயது வரை உள்ள இளைஞர்களையே பெரும்பாலும் தாக்குகிறது. நார்வே, டென்மார்க் நாடுகளில் ஆண்டுதோறும் லட்சம் ஆண்களில் சுமார் 10 பேருக்கு இது வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவே. அரிய நோய் என்பதாலேயே இதைப்பற்றிப் பேசுவோரும் அரிது.

குழித்தறியில் நெடுநேரம் உட்காருவதால் வருமா, அடிபட்டால் வருமா என்று சிலர் கேட்கலாம். இவை காரணம் என்பதற்குச் சான்று இல்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, முன்பே இருந்த கட்டி கையில் தட்டுப்படுவதுண்டு, அவ்வளவே.

உறுதியாகத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. கருவில் இருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகில் உருவாகின்றன. பிறப்பதற்கு முன்பே கீழிறங்கி விரைப்பையை அடைகின்றன. சில குழந்தைகளுக்கு ஒன்றோ இரண்டுமோ இறங்காமல் நின்றுவிடும். இவர்களுக்குப் பிற்காலத்தில் இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆறு மாதம் ஆகியும் விரை இறங்காவிட்டால் குழந்தையை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் சிறிய அறுவையால் அதைக் கீழே இறக்கிவிடலாம். இதனால் அபாயம் முற்றிலும் நீங்காது, ஆனால் குறையும். தடுப்பு என்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் இதுவே. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருந்தாலும் கவனமாக இருக்க வேண்டும்.

எப்படி அறிவது?

வெந்நீரில் குளித்தபின் விரைப்பையின் தோல் தளர்ந்திருக்கும். அப்போது ஒவ்வொரு விரையையும் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே மெல்ல உருட்டிப் பாருங்கள். விரை வழவழப்பாக இருக்கும். பின்புறம் கயிறு போலத் தட்டுப்படுவது விந்து செல்லும் குழல், அஞ்ச வேண்டாம். ஒரு விரை சற்றுத் தாழ்ந்திருப்பதும் இயல்பே. வலியில்லாத கெட்டியான கட்டி, விரை பெருத்தல், பாரம், மந்தமான வலி ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலி இல்லை என்பதற்காகக் காத்திருப்பதுதான் பெரும் தவறு.

இருட்டில் டார்ச் விளக்கை வீக்கத்தின் பின்னால் வைத்தால், நீர் நிறைந்த வீக்கம் செந்நிறமாக ஒளிரும். கட்டி ஒளியை மறைக்கும். ஆனால் கட்டியைச் சுற்றியும் நீர் தேங்கலாம். எனவே இதை வீட்டில் செய்து முடிவு கட்டக்கூடாது. 'ஸ்கேன்' பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் உண்மையைச் சொல்லும். நோயை அறியாமல் ஊசி குத்தி நீர் எடுப்பது புற்றணுக்கள் பரவ வழி செய்யலாம்.

நோயுற்ற விரையை அடிவயிற்றின் வழியாக அறுவை செய்து அகற்றுவார்கள். ஆண்மை போய்விடுமோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. மற்றொரு விரை நலமாக இருந்தால் இல்லறத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். சிகிச்சைக்கு முன் விந்தைச் சேமித்து வைக்கவும் வழி உண்டு.

பிளாட்டினம் செய்த புதுமை

தங்கச் சரிகையை அறிந்தவர்கள் காஞ்சி மக்கள். இந்நோயை வென்றதோ மற்றொரு விலையுயர்ந்த உலோகம். அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாக்கள் வாழும் நீரில் பிளாட்டினத் தகடுகளின் வழியே மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் இழை போல நீண்டன. காரணம் மின்சாரம் அன்று, தகட்டிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மம் என்று கண்டு 1965இல் வெளியிட்டார். செல் பிளவுபடுவதைத் தடுக்கும் பொருள், புற்றுநோயையும் தடுக்குமல்லவா? அதுவே 'சிஸ்பிளாட்டின்'. 1974இல் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் இதை வேறு மருந்துகளுடன் சேர்த்து விரைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தார். அதற்கு முன்பு, நோய் உடலெங்கும் பரவியபின் 100 பேரில் 10 பேர் பிழைப்பதே அரிது. இன்று சுமார் 80 பேர் பிழைக்கிறார்கள். பரவுமுன் கண்டறிந்தால் 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு இதே இனத்தைச் சேர்ந்த புற்றுக்கட்டி, விரையில் அல்லாமல், நெஞ்சில் இரு நுரையீரல்களுக்கும் நடுவே தோன்றியது. விந்தணுக்களுக்கு மூலமான செல்கள் கருவில் இடம்பெயரும்போது சில வழியிலேயே தங்கிவிடுவதால் இவ்வாறு நேரும் என்று கருதுகிறார்கள். 2012 தொடக்கத்தில் அமெரிக்காவில் மருந்துச் சிகிச்சை பெற்ற அவர், அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் நாட்டுக்காக மீண்டும் ஆடினார்.

காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா 1969இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அவ்வூரை அடுத்த காரைப்பேட்டையில் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது, மருத்துவமனையும் இருக்கிறது. இடையே நிற்பது வெட்கம் ஒன்றுதான். வீட்டில் உள்ள இளைஞனிடம் இதைப்பற்றி ஒருமுறை பேசுங்கள். ஓர் உயிர் காக்கப்படலாம்.