சித்ரா வால்வு: மூன்று துறைகள் கூடிச் செய்த காரியம்

வைத்திய சாஸ்திரத்தில் ஒரு புதிய கருவி தோன்றியிருக்கிறது என்று பத்திரிகையில் படிக்கும்போது, அதை யாரோ ஒரு மேதையின் தனிச் சாதனையாகக் கருதிப் பாராட்டுவதே நம் வழக்கம். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்து மேஜையின்மேல் வெற்றி கண்ட ஒரு பொருள், முன்பின் தெரியாத ஓர் ஏழை நோயாளியின் மார்புக்குள் புகுந்து, அங்கே ஆண்டுக்கணக்காகப் பழுதின்றி உழைக்கும் வரையிலும் கடக்க வேண்டிய தூரம் மிக நீண்டது. கல்வி மட்டுமோ, சிகிச்சை அனுபவம் மட்டுமோ, மூலதனம் மட்டுமோ தனித்து நின்று அதைக் கடந்துவிட முடிவதில்லை. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் தொழில் நிறுவனமும் கைகோக்க வேண்டும் என்று இப்போது எங்கும் பேசப்படுகிறதே, அதன் பொருளையும் சிரமத்தையும் ஒருங்கே விளங்கவைக்கும் உதாரணம் ஒன்று நமக்கு மிக அருகிலேயே, திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. கைப்பம்புக்குள் இருக்கும் தோல் வால்வு, ஏறிய தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பதுபோல, இவை ரத்தத்தை ஒரே திசையில் செலுத்தி, திரும்பிவர விடாமல் காக்கின்றன. குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கும் ஒருவகைக் கிருமித் தொற்றைக் கவனியாமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வரக்கூடும். அந்தக் காய்ச்சல் வால்வுகளைத் தடிக்கவும் சுருங்கவும் செய்துவிடும். இட நெருக்கடியும் வறுமையும் உள்ள வீடுகளையே இந்த வியாதி அதிகமாக நாடுவதால், நம் தேசத்தில் இதற்கு இரையானவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினராகவும் ஏழைகளாகவும் இருந்தார்கள். கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்தும் சிகிச்சை மேல்நாடுகளில் நிலைபெற்றுவிட்ட பிறகும், இறக்குமதியான வால்வின் விலை இவர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தார் அளித்த கட்டடத்தில் ஓர் உயர்தர மருத்துவ நிலையம் அமைப்பதற்காக, அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த இருதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் 1974-இல் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதோடு நில்லாமல், அந்தச் சிகிச்சைக்கு வேண்டிய கருவிகளையும் இங்கேயே உண்டாக்க வேண்டும் என்பது அவருடைய சங்கல்பம். ஆகவே, மருத்துவமனை ஒரு புறம் வளர, அதே நகரின் பூஜப்புரைப் பகுதியில், சாட்டல்மண்ட் அரண்மனை வளாகத்தில், பொறியியலாரும் ரசாயன நிபுணரும் கூடி வேலை செய்யும் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றும் வளர்ந்தது. 1980-இல் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் என்னும் இந்த மருத்துவ நிலையத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக்கி, பட்டங்கள் வழங்கும் அதிகாரத்தையும் தந்தது. மருத்துவமனை, ஆராய்ச்சிக்கூடம், கல்விச்சாலை ஆகிய மூன்றும் ஒரே நிர்வாகத்தின்கீழ் அமைந்த இந்த ஏற்பாடு அக்காலத்தில் அபூர்வமானது.

செயற்கை வால்வை இங்கேயே செய்வதென்று இந்நிலையத்தார் மேற்கொண்ட காரியம் எத்தகையது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஓர் உலோகச் சட்டம், அதனுள் சாய்ந்து திறந்து மூடும் வட்டத் தட்டு, சட்டத்தைச் சுற்றிலும் தையல் போடுவதற்கு ஏற்ற பாலியெஸ்டர் துணி வளையம்: வால்வு என்பது இவ்வளவே. ஆனால் அந்தத் தட்டு நிமிஷத்துக்கு எழுபது தடவை திறந்து மூடவேண்டும்; நாளைக்கு ஒரு லட்சம் தடவையும், வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேலும் அசைய வேண்டும்; அப்படி அசைகையில் தேயவும் கூடாது, முறியவும் கூடாது, ரத்தம் உறைந்து கட்டியாவதற்கு இடம் கொடுக்கவும் கூடாது. நிலையத்தின் பொறியியலார் ஜி.எஸ். புவனேஸ்வரும் அவரோடு உழைத்தவர்களும் செய்த முதல் மாதிரியில், பற்றவைத்த இடத்தில் உலோகம் முறிந்தது. இரண்டாவது மாதிரியில், கடினம் வாய்ந்த செயற்கை நீலமணித் தட்டு, தன்னைத் தாங்கிய டைட்டானியச் சட்டத்தையே அராவித் தேய்த்துவிட்டது. சட்டத்தை ஹேய்ன்ஸ்-25 என்னும் கோபால்ட் கலப்பு உலோகத்தால் செய்து மூன்றாவது மாதிரியை உருவாக்கினார்கள். செம்மறியாட்டின் உடலில் வைத்துப் பரீட்சித்தபோது, நீலமணித் தட்டே உடைந்துபோயிற்று. பார்வைக்கு எளிமையான பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் மிக உறுதியான ஒரு வகையைத் தட்டுக்குத் தேர்ந்தெடுத்த பிறகே நான்காவது மாதிரி நிலைத்து நின்றது. பெங்களூரின் தேசிய விமான ஆய்வுக்கூடம்போன்ற ஸ்தாபனங்களின் உலோக ஞானமும் இந்த முயற்சிக்குத் துணை செய்தது.

1990 டிசம்பர் 6-ஆம் தேதி இந்த வால்வு முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தில் வைக்கப்பட்டது. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து 306 நோயாளிகளுக்கு அதைப் பொருத்தி, வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தன. ஒரே ஸ்தாபனத்தின் நிபுணர்கள் தங்கள் சொந்தப் படைப்புக்குத் தாங்களே நற்சான்று கொடுத்துக்கொள்வதைவிட, வேறு ஊர்களில் வேறு கைகள் பொருத்திச் சொன்ன அபிப்பிராயமே டாக்டர்களிடம் மதிப்புப் பெறும் அல்லவா?

இவ்வளவும் ஆனபின், ஆயிரக்கணக்கில் வால்வுகளை ஒன்றுபோல் செய்வது எப்படி என்ற பிரச்னை எழுந்தது. ஆராய்ச்சிக்கூடம் பத்து வால்வுகளை அற்புதமாகச் செய்யலாம். பதினாயிரமாவது வால்வும் முதலாவதைப் போலவே அமையும்படி செய்வது தொழிற்சாலையின் வித்தை. சென்னையில் வேரூன்றிய டி.டி.கே. நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. கிரைப் வாட்டராலும் பிரஷர் குக்கராலும் வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்த ஒரு குழுமம், தவறு நேர்ந்தால் உயிரே போகும் ஒரு சாதனத்தைத் தயாரிக்க முன்வந்தது சாமானியத் துணிச்சலன்று. திருவனந்தபுரத்திலேயே தொழிற்கூடம் அமைந்ததால், வடிவமைத்தவரும் தயாரித்தவரும் அடிக்கடி கலந்து பேசுவதற்கு வசதி ஏற்பட்டது. இறக்குமதி வால்வைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் வெளிவந்த ‘டி.டி.கே. சித்ரா’ இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகளாக நோயாளிகளைச் சென்றடைந்திருக்கிறது.

ரத்தப்பையின் கதையும் இதே நிலையத்தைச் சேர்ந்ததுதான். தானமாகப் பெற்ற ரத்தத்தைக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்திருந்த காலத்தில், புட்டி உடைவதும் அசுத்தம் சேர்வதும் பெருந்தொல்லையாக இருந்தன. அதற்கு மாற்றாக இந்நிலையத்தார் வகுத்த பிளாஸ்டிக் பையின் தொழில்நுட்பத்தைப் பெற்று, ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்துவந்த சி. பாலகோபால் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். பின்னர் ஜப்பானின் டெருமோ நிறுவனத்தோடு இணைந்த அந்தச் சிறு முயற்சி, இன்று ரத்தப்பை உற்பத்தியில் உலக அளவில் பெயர் பெற்று விளங்குகிறது.

இந்த இரண்டு சரித்திரங்களையும் சேர்த்து நோக்கும்போது, யார் எதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது தெளிவாகிறது. எந்தப் பொருள் தேவை என்பதை மருத்துவமனை அறிந்திருந்தது. ஏன் முறிந்தது என்று கேட்டு விடை காணும் பொறுமை ஆராய்ச்சியாளரிடம் இருந்தது. செய்ததையே மாறாமல் செய்யும் ஒழுங்கு தொழிலதிபரிடம் இருந்தது. இவற்றோடு நான்காவதாக ஒன்றும் இருந்ததை நாம் மறந்துவிடலாகாது. மூன்று மாதிரிகள் அடுத்தடுத்துப் பிழைபட்ட காலத்தில், அந்த நஷ்டத்தைத் தாங்கி நின்றது பொதுமக்களின் வரிப்பணம். லாபக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய எந்த நிறுவனமும் அத்தனை காலம் காத்திருந்திருக்குமா என்பது சந்தேகமே. அதுபோலவே, விற்பனையில் இறங்கிப் பழக்கமில்லாத அரசாங்க ஸ்தாபனம் ஒன்று அந்த வால்வை நாடெங்கும் கொண்டுசேர்த்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை.

ஆகையால் இத்தகைய கூட்டுறவுக்குத் திட்டம் வகுப்போர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே சில விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்வது நலம். பொதுப் பணத்தில் பிறந்த பொருளின் விலை ஏழைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்; பொருத்திய பிறகு நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பது யார் கடமை என்பது எழுத்தில் இருக்க வேண்டும்; அடுத்த தலைமுறைக் கருவியை உருவாக்குவதற்கு வருமானத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பிவர வேண்டும். வெற்றியின் பலனைப் பங்கிட்டுக்கொள்ள எவரும் சம்மதிப்பார்கள். மூன்றாவது மாதிரி உடையும் நாளில் செலவு யாருடையது, பொறுப்பு யாருடையது என்பதற்கு முன்கூட்டியே விடை எழுதிக்கொண்ட கூட்டுறவுதான் நான்காவது மாதிரி வரையில் நீடிக்கும்.