முதுகு சொல்லும் சேதி – 9: வலிக்கிற மூட்டு எது?

திருவண்ணாமலைக்கு வருகிற யாரும் ராஜகோபுரத்தின் கீழ் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. 217 அடி உயரம். உச்சிக் கலசம் தெரிய வேண்டுமானால் கழுத்து மட்டும் நிமிர்ந்தால் போதாது, இடுப்பும் பின்னால் வளைய வேண்டும். அந்த நொடியில் சிலருக்கு இடுப்பில் சுரீரென்று பிடிக்கும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் விடும்.

டிஸ்க் விலகி, நரம்பை அழுத்தி, கால்வரை இறங்கும் வலியைச் சென்ற வாரம் பார்த்தோம். இது வேறு. பெரும்பாலும் இடுப்போடு, மிஞ்சினால் தொடையோடு நின்றுவிடும். காரணங்கள் பல, அவற்றில் ஒன்று ஃபேசட் மூட்டு. அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் இடமும் வலமுமாக இணைக்கும் சிறு மூட்டுகள் இவை. பின்னால் வளையும்போது இவை அழுந்துகின்றன. 1933-இல் கோர்ம்லி என்ற அமெரிக்க மருத்துவர் இந்த வலிக்கு 'ஃபேசட் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே மிக்ஸ்டர், பார் இருவரும் டிஸ்க் விலகல் பற்றி எழுதிய கட்டுரை வந்தது. மருத்துவ உலகின் கண் முழுவதும் டிஸ்க் பக்கம் போய்விட்டது. நம் ஊரிலும் இடுப்பு வலி என்றாலே 'ஜவ்வு விலகிடுச்சு' என்பதுதான் முதல் பேச்சு.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஃபேசட் மூட்டிலும் இதே கதைதான். படத்தில் தேய்ந்திருக்கும் மூட்டு வலிக்காமல் இருக்கலாம். வலிக்கிற மூட்டு படத்தில் ஒழுங்காகத் தெரியலாம். கையால் அழுத்திப் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான்: சந்தேகப்படும் மூட்டின் நரம்பைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்து, வலி நிற்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு ஃபேசட் மூட்டுக்கும் இரண்டு நரம்புக் கிளைகள் போகின்றன. அவை எலும்பின் எந்த மூலையில் படிந்து செல்கின்றன என்பதை ஆஸ்திரேலிய உடற்கூறு அறிஞர் நிகோலாய் போக்டக் துல்லியமாக வரைந்து காட்டினார். அந்த மூலைக்கு ஊசி முனையைக் கொண்டுபோய், அரை மில்லிக்கும் மேற்படாமல் லிக்னோகெய்னோ புபிவகெய்னோ செலுத்துகிறார்கள். அளவு கூடினால் மருந்து பக்கத்துத் தசைக்கும் நரம்புக்கும் பரவி, கிடைக்கும் பதிலே குழம்பிவிடும்.

ஊசிக்கு வழிகாட்ட வழக்கமாகப் பயன்படுவது சி-ஆர்ம் எக்ஸ்ரே. அதற்கு அறுவை அரங்கு வேண்டும், ஈயக் கவசம் வேண்டும், கதிர்வீச்சும் உண்டு. 2004-இல் வியன்னாவில் கிரேஹர் குழுவினர் அல்ட்ராசவுண்டால் இதைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். பதப்படுத்திய உடல்களில் 50 ஊசிகள் செலுத்தி சி.டி. ஸ்கேனில் சரிபார்த்தபோது, 45 ஊசிகள் குறித்த இடத்திலேயே இருந்தன. சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற கருவி, கதிர்வீச்சு இல்லை, ஊசி போகும் பாதை திரையில் அப்போதைக்கப்போது தெரியும். பெருநகரத்துக்கு வெளியே இருக்கும் மருத்துவமனைக்கு இவையெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல.

குறைகளையும் சொல்ல வேண்டும். உடல் பருத்தவர்களிடம் ஒலி அலை ஆழம்வரை தெளிவாகப் போய்த் திரும்பாது. 2009-இல் அப்படிப்பட்டவர்களிடம் செய்த ஆய்வில் 62 சதவீத ஊசிகளே இலக்கை அடைந்தன. முதுகின் கடைசி மட்டத்தை இடுப்பெலும்பு மறைக்கும். மருந்து ரத்தக்குழாய்க்குள் போகிறதா என்பதைச் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பதுபோல் இதில் உறுதியாகப் பார்க்க முடியாது. ஆகவே எல்லோருக்கும் அல்ட்ராசவுண்ட் போதும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நம் நாட்டில் இந்தக் கருவிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும். இடுப்பு வலிக்கு ஊசி போடும் மயக்கவியல் மருத்துவருக்கும் அதில் விலக்கில்லை. வேலை கூடுகிறது என்று மருத்துவர்கள் வருந்துவது நியாயமே. ஆனால் கருவிலேயே பெண் பிள்ளைகளை இழந்த மாநிலம் இது. அந்தக் கண்காணிப்பு தேவை.

ஊசி போட்டபின் நடப்பதுதான் உண்மையான சோதனை. அதை நடத்துகிறவர் நோயாளி. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் எதுவும் தெரியாது. எந்தச் செயலில் வலித்ததோ அதை மருத்துவர் சொல்லும் அளவில் செய்து பார்க்க வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் வேண்டாம். அக்னி லிங்கத்திலிருந்து எம லிங்கம்வரை நடந்தாலே வலி வரும் என்றால் அந்தத் தூரம் போதும். அரை மணிக்கு ஒருமுறை வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும். மருத்துவர் மனம் குளிரட்டும் என்று 'நல்லாயிருக்குங்க' என்று சொல்வது நம் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் தீங்கு செய்யும்.

ஒருமுறை வலி நின்றால் மட்டும் முடிவு கட்டக் கூடாது. ஒற்றை ஊசியில் நூற்றுக்கு 25 முதல் 40 பேருக்குப் பொய்யான 'ஆம்' வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்பிக்கையே வலியைக் குறைத்துவிடும். அதனால்தான் இன்னொரு நாள், வேறொரு மருந்தால், மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். இரண்டு முறையும் வலி பெரும்பகுதி நின்றால், அந்த நரம்புக் கிளையை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்கச் செய்வது பற்றி யோசிக்கலாம். அதுவும் நிரந்தரமல்ல, நரம்பு மீண்டும் வளரும். நெதர்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், உடற்பயிற்சியோடு இந்தச் சிகிச்சையைச் சேர்த்தும் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. ஒரே ஒரு சோதனை ஊசியை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்ததுதான் அதன் பலவீனம் என்று விமர்சித்தவர்களும் உண்டு.

சோதனை ஊசியைச் சிகிச்சை என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் தவறு. மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வலி திரும்பத்தான் செய்யும். திரும்பிய வலியைப் பார்த்து 'ஊசி பலிக்கவில்லை' என்று மனம் உடைய வேண்டாம். அந்தச் சில மணி நேரத்தில் வலி நிற்காவிட்டாலும் அது பயனுள்ள பதில்தான்: மூட்டு வேறு, தேட வேண்டிய இடம் வேறு. தேவையில்லாத வெப்பச் சிகிச்சையிலிருந்து ஒருவர் தப்பிக்கிறார்.

ஊசிக்குச் சம்மதிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மூட்டைச் சந்தேகிக்கிறீர்கள்? பதில் 'ஆம்' என்றால் அடுத்து என்ன, 'இல்லை' என்றால் என்ன? இரண்டாவது முறை சோதிப்பீர்களா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற மருத்துவரிடம் முதுகைக் காட்டலாம்.

இடுப்பெலும்பு மூட்டிலிருந்து வரும் வலியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)